மானிட்டர் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு

சூடான கண்ணாடியில் காய்ந்துபோன சந்தனம் எப்படி மணக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், கரீம் பாய் பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிக்கொடுத்த கணினி ஒன்று இருந்தது. அதன் மானிட்டர் முதுகு பெருத்த பழைய வகை. போட்ட அரை மணி நேரத்தில் கண்ணாடி வெதுவெதுப்பாகிவிடும். ஆயுத பூஜையன்று அம்மா அதில் வைத்த பொட்டு தினமும் சாயங்காலம் அந்தச் சூட்டில் மெல்ல மணக்க ஆரம்பிக்கும். கூடவே பிளாஸ்டிக் வாசனையும் வரும். நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், "கண்ணு போயிடும்டி" என்று அம்மா அதட்டும்வரை.

அந்தப் பொட்டு எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் விளிம்பில் வைத்தால் ஒட்டாமல் உதிர்ந்துவிடுகிறது என்று அம்மா கண்ணாடியிலேயே வைத்துவிட்டாள். எழுத்து எதையும் மறைக்காத இடமாகப் பார்த்து, வலது கீழ் மூலையில், திரையில் மணி காட்டும் கடிகாரத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் நடுவில் குங்குமமும். சாமிக்கு வைத்ததை நாமாகத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே அது அங்கேயே இருந்தது.

பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை அம்மா தி. நகரிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். ஆறு மாதமாக லஸ் முனையில் பஸ் ஏறிப் போய், வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் விட்ட வேலைக்குப் பிறகு அவளுக்கென்று வரவிருந்த முதல் வேலை அது. வீட்டிலிருந்தே செய்யலாம். பெட்டிக்குள் ஒரு சிடியும், தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் ரப்பர் போட்ட ஒரு கால் பெடலும் இருந்தன. பெடலை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். சிடியில் இருப்பதைக் கணினியில் ஏற்றி, அதிலேயே இருக்கும் பரீட்சைப் பதிவைக் கேட்டு அடித்து, திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து சிடியைப் போட்டாள்.

மவுஸில் இரண்டு தட்டு தட்டியதும், காத்திரு என்பதற்கு அடையாளமான மணல் கடிகாரம் திரையில் வந்தது. சுற்றியது. போய்விட்டது. அவ்வளவுதான். பிழை என்று ஒரு வரி இல்லை, மணி அடிக்கவில்லை, செய்திப் பெட்டி எதுவும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி அதே கடிகாரம், அதே சுற்று, அதே வெறும் திரை. "ஊமை கண்ட கனவு மாதிரி இருக்குடி இது" என்றாள் அம்மா.

எனக்குப் பேசாமல் இருப்பவர்களைக் கண்டாலே ஆகாது. இன்றும் அப்படித்தான். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், அழுதால் ஏன் என்று கேட்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை என்ன செய்வது? பதினோரு வயதில் அந்தக் கணினிமேல் எனக்கு வந்தது பாதி கோபம், பாதி ஆசை. என்னதான் நடக்கிறது அதற்குள்? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சிடியை அப்பாவின் பழைய வேட்டித் துணியால் துடைத்தோம்: ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டோம்: ஒன்றுமில்லை. இடமில்லையோ என்று என்னுடைய கார் பந்தய விளையாட்டைத் தியாகம் செய்தோம்: அதற்கும் மசியவில்லை. வாய்விட்டு எண்ணிப் பார்த்ததில், ஒவ்வொரு முறையும் நான்கு எண்ணி முடிப்பதற்குள் கடிகாரம் மறைந்தது. ஐந்து வரை ஒரு தரமும் போகவில்லை.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே "பதறாத காரியம் சிதறாது" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அதைத்தான். பால் பொங்கி வழிந்தாலும் அதைத்தான் சொல்வார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோடை விடுமுறையில் சமர்த்தாக ஏறிய என் ஓவிய சிடியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மணல் கடிகாரம், நான்கு எண்ணிக்கை, வெறும் திரை. சமையலறைக்கு ஓடி, "அம்மா, உன் சிடி மேல தப்பே இல்ல, நம்ம கம்ப்யூட்டர்தான் எதையும் உள்ள விட மாட்டேங்குது" என்றேன். அம்மாவுக்கு அதில் பாதி நிம்மதி. சிடியை மாற்றிக் கேட்டு அந்த ஆபீஸில் போய் நிற்க வேண்டாமே.

சனிக்கிழமை கரீம் பாய் திருவல்லிக்கேணியிலிருந்து மொபெட்டில் வந்தார். பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து முதலில் திரையைத் துடைத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் வழக்கம் அது. துணி அந்த மூலைக்கு வந்ததும் நின்றது. பொட்டைச் சுற்றி, விளிம்புகூடக் கலையாமல், நகத்தால் ஓரம் பிடித்துத் துடைத்துவிட்டுத் துணியை மடித்தார். அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு ஒரு மணி நேரம் எதையெதையோ திறந்து பார்த்தார். "இன்னாமா இது, எர்ரர் குட்த்தாகூட இன்னா ஏதுன்னு பாக்கலாம். இது கம்முனு கீது. நடுவுல எவனோ நின்னுக்கினு தடுக்கறான், யாருன்னுதான் தெர்ல" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழியென்றும், அதற்கு வேண்டிய சிடியோடு திங்கட்கிழமை மத்தியானம் வருவதாகவும் சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டினாள். திங்கட்கிழமை காலையோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்துக்கு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பெடலின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியில் வந்தபோது எப்படி இருந்ததோ அதே மாதிரி, மடிப்பு மாறாமல். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. நான் போய்க் கணினியைப் போட்டேன். சும்மா இருக்க முடியாமல் சிடியையும் போட்டு, கண்ணாடியில் மூக்கை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

மூன்றில் பொட்டுக்குள் ஏதோ மினுக்கியது. காய்ந்த சந்தனத்தில் ஓரமாக ஒரு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியே ஒரு துளிச் சிவப்பு வந்து போனது. குங்குமம் மினுக்குமா? மறுபடி தட்டினேன். மறுபடி மூன்றில் மினுக்கியது.

"அம்மா, இதைத் துடைக்கலாமா?"

அம்மா எழுந்து வந்து, குனிந்து, இரண்டு முறை பார்த்தாள். பூஜை அலமாரிப் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். பிறகு முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தானே துடைத்தாள். அடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கடுகளவு கேடயப் படம் ஒன்று இருந்தது. அதைத் தட்டியதும் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. வியாழக்கிழமையிலிருந்து நாங்கள் செய்த ஒவ்வொரு முயற்சியும், மணி நிமிடத்தோடு, தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது என்று வரிசையாக. என் ஓவிய சிடியும் அதில் இருந்தது. நாங்கள் ஊமை என்று நினைத்தது நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அட, இது நான் போட்டதாச்சே" என்றார். பத்திரிகையோடு இலவசமாக வந்த வைரஸ் தடுப்பு; பூஜைக்கு முதல் நாள் போட்டாராம். பாதுகாப்பை உச்சத்தில் வைத்துவிட்டு, அது அடிக்கடி குறுக்கே வந்து "தொணதொண"த்ததால், செய்தி காட்டாதே என்ற இடத்தில் ஒரு டிக்கும் போட்டுவிட்டு, அத்தோடு மறந்துபோயிருக்கிறார். அவர் அதன் வாயைக் கட்டினார், அம்மா முகத்தை மூடினாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம் ரெண்டு பேருமா" என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். கேடயத்தைச் சற்று நேரம் உறங்கச் சொன்னதும் மணல் கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போனது. சாப்பாட்டு நேரத்துக்குள் யாரோ ஒருவருடைய முழங்கால் வலியை அம்மா முழுதாக அடித்து முடித்துவிட்டாள். பெடலில் கால் வைத்து எடுக்கும் டக் டக் சத்தம் அதன்பின் பல வருடம் எங்கள் வீட்டில் கேட்டது.

இன்று நான் அடையாற்றில் ஒரு கம்பெனியில், மென்பொருள் ஏறவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். "ஒண்ணுமே வரலை மேடம்" என்பவர்களிடம், "திரை மூலையில ஏதாவது தெரியுதா பாருங்க" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை அம்மாவுக்குக் கேட்டு அடிக்க வேண்டிய குரல் கோப்பு வருவது நின்றது. கடிதம் இல்லை, போன் இல்லை, இவள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. அம்மா நான்கு நாள் பெடலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீதான் கண்டுபிடிப்பியே, என்னன்னு பாரு" என்றாள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. டாக்டர்களின் குரலை இப்போது இயந்திரமே கேட்டு அடித்துக்கொள்கிறது என்பது பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அன்று அது தெரியாமல் திரையின் நான்கு மூலைகளையும் பார்த்தேன். துடைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

இப்போதைய திரைகள் தட்டை. தொட்டால் ஜில்லென்று இருக்கின்றன. போன ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்த அம்மா, என் மடிக்கணினியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அலமாரிக்குப் போய்ப் பெடலை எடுத்துவந்தாள். வயர் பழைய மாதிரியே மடிப்பு மாறாமல் சுற்றியிருந்தது. பெடலின் நடுவில் பொட்டு வைத்துவிட்டு, "இங்க வெச்சா ஒண்ணும் மறையாது பாரு" என்றாள். இரண்டு நாள் கழித்துக் குனிந்து அந்தப் பொட்டை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனைதான் வந்தது.