பதினோராவது கேள்வி

கேள்விகளைக் கேட்கத் தொடங்குமுன் ஹயாம் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். முப்பத்திரண்டு கேள்விகளும் அவளுக்கு மனப்பாடம் என்பதால் கண்ணாடிக்கு அவசியமில்லை. ஆனால் அவள் சொல்லும் காரணம் வேறு. "அவங்க முகம் எனக்கு மங்கலாத் தெரியுதுன்னு அவங்க நினைச்சுக்கணும். மூலம் இருக்கான்னு கேட்டா எந்த ஆம்பளை நேரா பார்த்துப் பதில் சொல்லுவான்?"

மருத்துவக் காப்பீடு வாங்கித் தருவது அவள் தொழில். லெபனானின் சைதா நகரில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், மூன்றாம் மாடியில் அவள் அறை. எதிர்க் கதவு, நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடம். இருவருக்கும் ஒரே வயது. பத்தொன்பது வருடமாக ஒரே மாடிப்படியில் மூச்சு வாங்குகிறோம். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள்தான் அவளிடம் வருவார்கள். "நல்லா இருக்கறவன் யார்கிட்ட வேணும்னாலும் போவான். ஓட்டை விழுந்ததெல்லாம் என்கிட்டதான் வரும்" என்பாள்.

ஊரில் மற்ற முகவர்கள் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டங்களின் மேல் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். இரண்டு நிமிட வேலை. ஹயாமுக்கு ஒரு படிவம் முடிய ஒரு முழுக் காலைப்பொழுது ஆகும். "அந்தக் கோடு இருக்கே, அது நீ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போற அன்னிக்கு உன் கழுத்தைச் சுத்தும்" என்று வந்தவரை மிரட்டுவாள். மறைத்த நோய் பின்னால் தெரியவந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டுவிடும் என்பதைத்தான் அப்படிச் சொல்வாள்.

எங்கள் ஊரில் யாரும் நோயைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண்பட்டுவிடும், அல்லது பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும். அதனால் ஹயாம் முதலில் காபி கேட்பாள். "சர்க்கரை எவ்வளவு?"

"போடாதீங்க மதாம்."

"பொறந்ததிலிருந்தேவா, டாக்டர் சொன்னதிலிருந்தா?"

வந்தவர் சிரித்துவிடுவார். முதல் கட்டம் நிரம்பிவிடும். கணுக்காலில் காலுறை பதிந்த பள்ளத்தைப் பார்த்து இதயத்தைக் கேட்பாள். மாடி ஏறிவந்தவர் எத்தனையாவது வார்த்தையில் மூச்சு விடுகிறார் என்று எண்ணுவாள். நாள் முழுவதும் இரத்தம் எடுக்கும் நான், இயந்திரம் முடிவைத் துப்பும்வரை ஒன்றும் தெரியாதவள். அவளோ குழாய் என் கைக்கு வருமுன்பே, "இவருக்குக் கொழுப்பு எகிறியிருக்கும் பாரு" என்பாள். எகிறித்தான் இருக்கும்.

இந்த வசந்தத்தில் விதாத் வந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை, ஐம்பத்திரண்டு வயது, மணமாகாதவள். பள்ளியின் காப்பீட்டு நிதி மூழ்கிப்போனதால் தனியாக வாங்க வேண்டிய நிலை. கூடவே அண்ணன் முனீர்; தண்ணீர்க் குழாய்க் கடைக்காரர், தங்கை தும்மினால் காரை எடுப்பவர்.

பதினோராவது கேள்வி, கட்டிகள் பற்றியது. "இல்லை" என்றாள் விதாத். பிறகு ஆசிரியையின் நேர்மையோடு திருத்திக்கொண்டாள். "அஞ்சு வருஷம் முன்னாடி கர்ப்பப்பையை எடுத்தாங்க. வெறும் நார்க்கட்டி. அண்ணன்தான் பாவம், இன்னும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெய்ரூத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுக்க வைக்கிறார்."

முனீர் சட்டென்று எழுந்து ஜன்னலில் கடலைப் பார்க்கப் போய்விட்டார். ஹயாம் பேனாவை மூடினாள். "வியாழக்கிழமை பாக்கியை எழுதலாம், கண்ணு."

அன்று விதாத் முன்னால் இறங்கிப் போனபின், படிக்கட்டில் ஹயாம் முனீரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தியது என் கதவு வழியாகத் தெரிந்தது.

"நார்க்கட்டிக்கு எவன் ஆறு மாசத்துக்கு ஒரு படம் எடுக்கறான்? அவளுக்கு என்ன இருந்துச்சு?"

"அந்த நோய். உங்க பக்கம் வராம இருக்கட்டும்." அவர் குரல் தேய்ந்தது. "அவளுக்குத் தெரியாது. ரிப்போர்ட் எல்லாம் என் கடையிலதான் இருக்கு. தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா, மதாம். நீங்களே எழுதிடுங்க, கையெழுத்தை நான் போட்டுடறேன்."

"கையெழுத்தை நீ போட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் நீயே போய்ப் படுத்துக்கோ. அஞ்சு வருஷமா நடமாடற பொம்பளையை எதுக்குய்யா இப்பவே போர்த்தி வைக்கிற? வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடு."

அவர் போனபின் ஹயாம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எவ்வளவோ பொய்களைப் பிரித்துப் பார்த்தவள், ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருத்தி பொய்ப்படிவத்தில் கையெழுத்துப் போட இருந்தாளே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வியாழக்கிழமை, படிவத்துக்கு வேண்டிய இரத்தம் எடுக்க ஹயாமின் அறைக்கு நானே போனேன். முனீரைப் பார்த்ததுமே தெரிந்தது, சொல்லவில்லை. விதாதின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை ஏற்றினேன். ஹயாம் கண்ணாடியைக் கழற்றினாள்.

"விதாத், பதினொண்ணாவது கேள்விக்கு நீ சொன்னது உனக்குத் தெரிஞ்ச உண்மை. உன் அண்ணன்கிட்ட வேற பதில் இருக்கு. முனீர், உன்னைத்தான் கேட்கறேன்."

"அது... அந்த..."

"'அந்த'ன்னு எழுத இதுல கட்டம் கிடையாது."

அவர் சொல்லிவிட்டார். புற்றுநோய் என்று பெயரையே சொன்னார். எங்கள் தெருவில் அந்தச் சொல் வாய்விட்டு ஒலித்து நான் கேட்டதில்லை. என் விரலுக்கடியில் விதாதின் நாடி குதித்தது; ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அவளையே மறுகையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள் கடைசியில்.

"உன் அண்ணிக்கு. டாக்டருக்கு."

"அப்புறம்?"

"அண்ணியோட தங்கச்சிங்களுக்கு."

"நாலு பேரும்? அப்போ சைதாவுக்கே தெரியும்னு சொல்லு." அவள் குரல் ஏறியது. "ஒவ்வொரு தடவை பெய்ரூத்லேருந்து திரும்பும்போதும் மீன் கடையில உட்கார வச்சு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு வாங்கிப் போடுவியே, அது அதுக்கா?"

"படம் சுத்தமா வந்த சந்தோஷம்மா."

"நான் உனக்கு வியாபாரம் நல்லா நடக்குதுன்னு நினைச்சேன்டா!" என்று பஞ்சு பிடித்த கையாலேயே அவர் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

ஹயாம் கைக்குட்டைப் பெட்டியை நடுவில் தள்ளினாள். "ரெண்டு பேரும் அழுது முடிங்க, எனக்கு ஆபரேஷன் தேதி வேணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, விதாதின் பக்கமாகக் குனிந்தாள். "அஞ்சு வருஷம், பத்துப் படம். பத்தும் சுத்தம். உன் அண்ணன் முட்டாள்தான். ஆனா அந்த முட்டாள் உனக்காக எடுத்து வச்ச பத்துக் காகிதத்தை வச்சுத்தான் நான் மேல சண்டை போடப் போறேன்."

'மேல' என்றால் பெய்ரூத்தில் இருக்கும் நிறுவனம். முதல் பதில் மூன்றே வரியில் வந்தது: ஏற்பதற்கில்லை. ஹயாம் அதைப் படித்துவிட்டுத் தன் மதிய உணவைச் சாவகாசமாக முடித்தாள். பிறகு அவர்களுடைய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள். இரு கதவும் திறந்திருந்தன; சோதனைக்கூடத்தில் காத்திருந்த ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"டாக்டர், மகனே, பத்துத் தடவை சோதிச்சுப் பார்த்த பொம்பளை வேணாம்கிறீங்க. பொறந்ததிலிருந்து ஒரு டெஸ்ட்டும் எடுக்காத ஆம்பளைன்னா ரெண்டு கையாலயும் வாங்கிக்கறீங்க. இதுல எதைப் பார்த்து நீங்க பயப்படணும், நீங்களே சொல்லுங்க. சரி, யோசிச்சுட்டுச் சொல்லுங்க. நான் போனை வைக்கலை."

உண்மையிலேயே வைக்கவில்லை. அவர் யோசிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாதாம்கொட்டை உடைத்துத் தின்றாள். அப்படி ஏழெட்டு நாள், தினம் ஒரு அழைப்பு. ஒருநாள் படங்களைப் பற்றி, ஒருநாள் அறுவை செய்த மருத்துவரின் கடிதத்தைப் பற்றி, ஒருநாள் அந்த நிறுவன மருத்துவரின் சொந்த முதுகுவலியைப் பற்றி.

ஆறாம் வாரம் ஒப்பந்தம் வந்தது. சந்தா மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மற்ற எல்லா நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பொறுப்பு. பதினோராவது கேள்வியில் எழுதியதற்கு மட்டும் இரண்டு வருடம் கழித்து. ஹயாம் நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் வாசித்தாள். "இதுக்கு மேல என்னால இழுக்க முடியலை. வேணுமா, வேணாமா?"

"ரெண்டு வருஷம்தானே" என்றாள் விதாத். "அஞ்சைத் தெரியாமலே தாண்டிட்டேன். இதைத் தெரிஞ்சே தாண்டறேன்." ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டாள்.

ஹயாம் காகிதங்களை அடுக்கி, பழைய பத்துப் படங்களின் அறிக்கைகளையும் சேர்த்து, ஒரே உறைக்குள் போட்டு ஒட்டினாள். முனீர் எழுந்து, வழக்கம்போலக் கையை நீட்டினார். ஹயாம் அந்தக் கையைத் தாண்டிப் போய், உறையை விதாதின் மடியில் வைத்தாள்.