முந்தல் வரைக்கும்தான் கதை

ஞாயிறு, காலை எட்டு பத்து. மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயில் எட்டேகாலுக்குப் புறப்படும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அப்போதுதான் நான் நிலையத்துக்குள் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் உடம்பு ஓடுவதைப் பார்த்த ஒரு போர்ட்டர் சுமை எங்கே என்று தேடினார்; சுமையே நான்தான் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார்.

தாமதத்துக்குக் காரணம் அக்கா. வாசலில் நிறுத்தி இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்தவள், "கேள்வியெல்லாம் கேப்பாங்களாடா?" என்றாள்.

"யாருக்கா கேக்கப் போறா? கைதட்டிட்டு காப்பி குடிச்சிட்டுப் போவாங்க" என்றேன்.

பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளரின் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன். மூலம், அக்காவின் பெட்டியில் கிடந்த அட்டை பிய்ந்த பழைய ஆங்கிலப் புத்தகம். அதைப் பற்றிப் பேச போடி வாசகர் வட்டம் கூப்பிட்டிருந்தது. அந்த அம்மையாரின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் என் மொழிபெயர்ப்பைத் தேடிப் பிடித்துவிடுவீர்கள். ஏன் பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உசிலம்பட்டி தாண்டும்போது இட்லி தீர்ந்தது. ஆண்டிபட்டி கணவாயில் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தன. தேனியில் பாதிப் பெட்டி காலியானது. அங்கிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர். ரயில் நேராக மலையில் போய் முட்டிக்கொள்ளும் என்று தோன்றும் வேளையில் நிலையம் வந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. இறங்கியதுமே ஏலக்காய் வாசனை. ஊரே பாயசம் வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மாலை ஐந்தரை வரைக்கும் இருந்தது.

மாலை நான்கு மணி. வட்டத்தின் செயலாளர் ராமராஜ் ஓய்வுபெற்ற தபால்காரர். கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார். முப்பது பேர் இருக்கும். நான் ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். அம்மையாரின் புனைவுலகம், பனி மூடிய மலைகள், ஆளில்லாத வீடுகள், அந்த வீடுகளில் தனியாக இருந்துகொண்டே தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்திய பெண்கள் என்று வெளுத்து வாங்கினேன். "ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை" என்று மேசையைத் தட்டியும் வைத்தேன். தண்ணீர் டம்ளர் விழுந்தது. அதையும் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் நீளமான கதையை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மலைக் கணவாய் ஒன்றில் ஒரு விதவை தனியாக இருக்கிறாள். மூடுபனி இறங்கினால் குடிசை வாசலில் தொங்கும் மணியை அடிப்பது அவள் வேலை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வண்டிக்காரர்கள் பள்ளத்தில் விழாமல் போவார்கள். அடிவாரத்தில் இருக்கும் கொழுந்தன், "தனியாக எதற்கு, எங்களோடு வந்து இரு" என்று நச்சரிக்கிறான். கடைசியில் வண்டியைக் கட்டிக்கொண்டே வந்துவிடுகிறான். அவள் குடிசையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொள்கிறாள். 'குடும்பம் என்னும் கதகதப்பு அவளைப் போர்த்தியது' என்று கதை முடியும்.

கேள்வி நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தார். கையில் நூலக முத்திரை போட்ட என் புத்தகம். விரல் நுனிகளில் ஏலக்காய்க் கறை.

"பேரு பாண்டியம்மா சார். மேல ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போறேன். அவ எறங்கி வந்துட்டாள்ல, அப்பறம் அந்த மணிய யாரு சார் அடிச்சா?"

புத்தகம் வந்து இத்தனை காலத்தில் விமர்சகர் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எனக்கே இது தோன்றியதில்லை.

"அதை... ஆசிரியர் வாசகரின் கற்பனைக்கு விட்டுவிட்டார்" என்றேன்.

"இங்கிலீசுலயும் இப்டித்தான் முடியுதா?"

"அப்படியேதான்."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்த பெண், 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்பதுபோல அவர் தொடையில் தட்டினார். அந்தத் தட்டலின் பொருள் மறுநாள் காலையில்தான் விளங்கியது.

திங்கள், காலை ஐந்தே முக்கால். அறை வாடகை எழுநூறு ரூபாய் கொடுத்தும் தூக்கம் வரவில்லை. போடிமெட்டைப் பார்க்க வேண்டும் என்று முந்தின நாள் உளறிவைத்திருந்தேன். ராமராஜ் அதை நினைவில் வைத்து, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்றில் எனக்கு முன்சீட்டு பிடித்துவைத்திருந்தார். பின்னால் பதினொரு பெண்கள், தூக்குச்சட்டிகள், இடுப்பில் கட்டும் சாக்குகள். நடுவில் பாண்டியம்மாள். அவர் தோளை இடித்துக்கொண்டு நேற்றுத் தொடையில் தட்டியவர்.

அந்த ஜீப்பில் ஒரு பழக்கம் உண்டு என்று ஓட்டுநர் முருகன் சொன்னார். போடியிலிருந்து அடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரைக்கும் ரோடு நேர். அந்த ஏழெட்டுக் கிலோமீட்டரும் பாண்டியம்மாள் செல்போன் வெளிச்சத்தில் கதை படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முந்தலில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் பதினேழு கொண்டையூசி வளைவுகள். படித்தால் குடலே வெளியே வந்துவிடும். இந்தக் கணக்கில் என் மணிக்காரி கதை இரண்டு மாதம் ஓடி, சென்ற வாரம்தான் முடிந்ததாம்.

"எழுதுனவுகளே வந்திருக்காக. கடேசிப் பக்கத்த இன்னொருக்கா படி பாண்டி" என்றது ஒரு குரல்.

அவர் படித்தார். என் வாக்கியங்களை அவ்வளவு நன்றாக நானே படித்ததில்லை. 'குடும்பம் என்னும் கதகதப்பு' வந்ததும் பக்கத்துப் பெண் முன்னால் சாய்ந்து என்னிடம் பேசினார். பெயர் லட்சுமி, பாண்டியம்மாளின் கொழுந்தனைக் கட்டியவர்.

"இதத்தான் சார் நாங்களும் சொல்றோம். எங்க மச்சான், இவ புருசன், போயி மூணு வருசமாச்சு. இவ இந்தப் போடியில ஒத்த ரூமுல கெடக்கா. சிலமலை ஊர்ல எங்க வீடு பெருசு. மலைச்சோலிய விட்டுட்டு வா, மாட்டப் பாரு, சோத்தப் பொங்கு, பிள்ளைகளோட இருன்னா கேட்டாளா? அமெரிக்காக்காரியே எறங்கி வந்துட்டா, ஒனக்கென்னடின்னு கேட்டேன். அதுக்கப்பறம் வாயே தெறக்கல. மாசக்கடேசியில ரூமக் காலி பண்றேன்னு வீட்டுக்காரம்மாட்டச் சொல்லிட்டா."

ஜீப்பு முந்தலைக் கடந்தது. புத்தகம் மூடப்பட்டது. கண்ணாடியில் பாண்டியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வளைவில், இதில் உனக்கென்ன என்று என்னையே கேட்டேன். இரண்டாவதில், மதுரைக்குப் போய் ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாவதில், மாசக்கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

"வாந்தியா சார்? நாலாவது வளைவுலயேவா?" என்று முருகன் ஓரங்கட்டினார். பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது. அதை வாங்கிக்கொண்டேன். இறங்கி, ஜீப்பின் பின்பக்கம் போய், கையில் எலுமிச்சம்பழத்தோடு கட்சி மாறியவன்போல நின்றேன்.

"நேத்து நான் சொன்னது பொய்ங்க. இங்கிலீசுல அவ எறங்கல. முடிவை நான்தான் மாத்தினேன்."

கீழே பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

"அப்ப என்ன செஞ்சா?" என்றார் பாண்டியம்மாள்.

சொன்னேன். கொழுந்தன் பெட்டியை வண்டியில் ஏற்றிவிடுகிறான். அவள் வண்டியில் ஒரு காலை எடுத்து வைக்கும்போது பனி இறங்குகிறது. காலை எடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போய் மணியை அடிக்கிறாள். அவன் கூப்பிட்டுப் பார்க்கிறான். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் அவன் தனியாக இறங்குகிறான். அவன் பள்ளத்தில் விழாமல் வீடு போய்ச் சேர்வதும் அவள் அடித்த மணியால்தான்.

"பெட்டி?" என்றார் ஒருவர்.

"பெட்டி வண்டியோட போயிருச்சு."

"அடியாத்தே, சீலையெல்லாம் போச்சா?"

"போனா போகுது கழுத. வேற எடுத்துக்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. லட்சுமியும் சிரிக்கவில்லை.

"அமெரிக்காக்காரி அடிச்சா அடிச்சிட்டுப் போறா" என்றார் லட்சுமி. "இவளுக்கு நாளைக்கு ஒரு காச்சல் வந்தா யாரு பாப்பா?"

"போன காச்சலுக்கு நீயா வந்த? முருகண்ணந்தான் மாத்திர வாங்கியாந்து குடுத்தாரு" என்றார் இன்னொருவர்.

"என்னைய இழுக்காதீங்க ஆத்தா" என்றார் முருகன்.

பாண்டியம்மாள் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கதையக் கேட்டு நான் சரின்னு சொல்லல சார். நான் என்ன சின்னப் பிள்ளையா? ஆனா எங்கூட ஒருத்தியாவது மாட்டேன்னு சொல்லுவான்னு ரெண்டு மாசமா நெனச்சுப் படிச்சேன். அவளும் ஏறிட்டாளேன்னுதான் பேசாம இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க தோட்டத்துல பிஞ்சப் பறிச்சு சாக்குக்கு அடியில போட்டா, அன்னைக்குத் தெரியாது. ஸ்டோர்ல காய வச்சாச் சுருங்கிரும். ஆரு எடுத்ததுன்னு தெரிஞ்சுரும். மணிய யாரு அடிச்சான்னு அதுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

காலை ஏழேகால். போடிமெட்டு; போடியிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். சோதனைச் சாவடிக்குப் பக்கத்துக் கடையில் டீ பதினைந்து ரூபாய். அதற்கு அப்பால் கேரளம். பனி ரோட்டில் படுத்துக் கிடந்தது. எதிரே வரும் வண்டிகளின் ஹாரன் முதலில் வந்தது. வண்டி பிறகு வந்தது.

பாண்டியம்மாள் புத்தகத்தின் கடைசி வெள்ளைத்தாளைத் திறந்து என் முன்னால் வைத்தார். "எழுதிக் குடுங்க."

"லைப்ரரி புக்குங்க. எழுதக் கூடாது."

"மாத்தி எழுதலாம், சரியா எழுதக் கூடாதா?"

எழுதினேன். மேசை ஆடியது, பேனா உறைந்தது, டீ கொட்டியது. எழுதாமல் இருக்கச் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எழுத எழுத ஒன்று வெளியே வந்தது. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

என் அக்கா கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் பதினோரு வருடம் வார்டனாக இருந்தாள். அத்தான் இறந்த அடுத்த மாதம் நான் வேன் பிடித்துக்கொண்டு போனேன். "பொம்பளை தனியா மலையில எதுக்கு" என்றேன். இரண்டு பெட்டிகளோடு அவளை இறக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் அந்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. தமிழ் வாசகர்கள் ஒப்பமாட்டார்கள் என்று நினைத்து முடிவை மாற்றியதாக எனக்கு நானே சொல்லிவந்தேன். தமிழ் வாசகர்கள் பாவம், அவர்களை இதில் இழுத்திருக்க வேண்டாம். என் புத்தகத்துக்குப் பிழை திருத்தியவளும் அக்காதான். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, "தோசை ஊத்தவா?" என்று கேட்டாள்.

பாண்டியம்மாள் நான் எழுதியதை வாய்க்குள் ஒருமுறை படித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் செல்போனில் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். "அக்கா, பாண்டியம்மா பேசுறேன். ரூம யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?" என்பது மட்டும் கேட்டது. லட்சுமி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெரசா ஏறுங்க, கங்காணி கத்துவாரு" என்றார் முருகன். ஜீப்பு பனிக்குள் போனது. ஹாரன் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. (பத்து நாள் கழித்து ராமராஜ் போனில் சொன்னார்: ஜீப்பில் அடுத்த கதை தொடங்கிவிட்டதாம். படிப்பது பாண்டியம்மாள்தானாம். லட்சுமி இப்போது முன்சீட்டில் உட்காருகிறாராம்.)

மதியம் மூன்று மணி. பஸ்சில் போடிக்கு இறங்கி, இன்னொரு பஸ்சில் தேனி வழியாக மதுரை. நூறு கிராம் ஏலக்காய்ப் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தேன். பிரித்து முகர்ந்து பார்த்தாள். இரண்டு காயைத் தட்டி டீயில் போட்டாள்.

"யாராவது கேள்வி கேட்டாங்களாடா?"

"ஒருத்தங்க கேட்டாங்க. அவ எறங்கிட்டா மணிய யாரு அடிச்சான்னு."

அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, "நல்லாப் படிச்சிருக்காங்க" என்றாள்.

"உனக்குத்தான் உண்மையான முடிவு தெரியுமே. அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

அவள் டீயை வடிகட்டி என் முன்னால் வைத்தாள்.

"நீ எங்கடா கேட்ட?"

கொடைக்கானலில் வேனை நிறுத்திக்கொண்டு நின்றபோதும் நான் கேட்கவில்லை.