வராத ஒரு மணி பஸ்ஸும் என் மீசையும்

சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனேன். அருவி பார்க்க இல்லை. என் மகள் கவிதா நன்னடத்தை அலுவலர். சிறையில் இருப்பவர் விடுப்பு கேட்டால், அவர் வீட்டுக்கே போய் விசாரித்து அறிக்கை எழுதும் வேலை. அவளுடைய முதல் மலை விசாரணை என்பதால் துணைக்குப் போனேன். நான் மத்திய சிறை ஒன்றில் கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பை இரண்டு தாவலில் தாண்டியவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

போளூரில் காலை 6.10 பஸ். ஜமுனாமரத்தூர் 43 கிலோமீட்டர், டிக்கெட் 38 ரூபாய். பாதி மலை ஏறியதும் பனி மூடிக்கொண்டது. சன்னலுக்கு வெளியே ஒரு மரம் வரும், போகும், பிறகு ஒன்றுமே இருக்காது. பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. முன் சீட்டிலிருந்த கொய்யாப்பழக் கூடை மட்டும் மணத்துக்கொண்டே வந்தது.

"அப்பா, அங்க வாயத் தொறக்கக் கூடாது, சொல்ட்டேன்" என்றாள் கவிதா. "நீங்க வெறும் தொணைக்குதான்."

சிறை என்றால் பூட்டும் கம்பியும் என்று நினைப்பீர்கள். பாதி வேலை பதிவேடுதான். சடையன் என்பவர் மகள் கல்யாணத்துக்கு ஆறு நாள் விடுப்பு கேட்டிருந்தார். மனு கண்காணிப்பாளரிடம் போகும். அங்கிருந்து காவல் நிலையத்துக்கு ஒன்று, கவிதாவுக்கு ஒன்று. இரண்டு அறிக்கையும் சரியாக இருந்தால்தான் கேட் திறக்கும். சடையன் விஷயத்தில் ஒரு சிக்கல். நாலு வருடத்துக்கு முன் விடுப்பு முடிந்து மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டியவர், 6.55க்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு கேட்ட விடுப்பெல்லாம் அந்த ஒரு வரியைக் காட்டியே மறுக்கப்பட்டிருந்தது. இந்தத் தடவையும் அது நின்றால், அப்பா இல்லாமல்தான் கல்யாணம்.

"அம்பத்தஞ்சு நிமிசம்னு கரெக்டா எழுதியிருக்கான் பாரு, நல்ல காவலன்" என்றேன். அவள் கோப்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

ஜமுனாமரத்தூரில் 7.55க்கு இறங்கி, டீ குடித்து, 8.30 மினி பஸ் பிடித்தோம். ஒன்பது கிலோமீட்டர், 12 ரூபாய். திரும்ப எப்போது என்று டிரைவரைக் கேட்டேன்.

"இறக்கி வுட்டதும் இதே வண்டி திரும்பும் சார். அத்த வுட்டா ஒரு மணிக்கி."

"ஒரு மணிக்கு வருமா?"

"மழ இல்லன்னா வரும். ஆளு இருந்தா வரும். ரெண்டும் இருந்தா வண்டி நல்லா இருக்கணும்."

நான் நோட்டில் '1.00' என்று எழுதிக்கொண்டேன். வேலைப் பழக்கம்.

ஊர் வரும்போது பனி விலகி, சாமை வயல் முழுக்க வெளிர்மஞ்சளாகக் கிடந்தது. காற்றடித்தால் மலையே மெல்லப் புரண்டு படுப்பது போலிருந்தது. சடையன் மனைவி காசியம்மா பாய் போட்டு, எனக்குச் சாமைச் சோறு வைத்தார். வீடு இருக்கிறதா, உறவினர் பொறுப்பேற்பார்களா, ஊரில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கவிதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் அந்த 6.55.

"அன்னிக்கி ஒரு மணி பஸ்ஸு வர்லம்மா" என்றார் காசியம்மா. "ஜமுனாமரத்தூர் வரிக்கும் ஓடுனாரு. கேட்டாண்ட ஒரு மீசக்காரரு கடியாரத்தப் பாத்தே எழுதினாராம். மூஞ்சியப் பாக்கலியாம்."

என் கை தானாக மீசைக்குப் போனது. சடையன் இருப்பது நான் வேலை பார்த்த சிறையில்தான். நாலு வருடத்துக்கு முன் அந்தக் கேட்டில் சாயங்கால முறை பெரும்பாலும் எனக்குத்தான். மீசையும் எனக்கு மட்டும்தான். அன்று உள்ளே தலை எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்வையில் நனைந்த அவர் சட்டை நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

"அந்த மீசக்காரன் நான்தாம்மா" என்றேன். கவிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

காசியம்மா என்னை நிதானமாகப் பார்த்தார். "மீச வெள்ளையாப் பூட்ச்சே" என்றார். பிறகு, கேட்காமலே இன்னொரு கரண்டி சாமைச் சோறு வைத்தார். "சரி, நீங்களே சொல்லுங்க. இன்னிக்கி அந்த பஸ்ஸு வருமா?"

"வரும்மா. டைம் ஒரு மணி."

அவர் சிரித்துவிட்டார்.

ஒரு மணிக்குச் சாலையில் நின்றோம். மழை இல்லை. ஆள் நாங்கள் இரண்டு பேர். ஒன்றரை ஆனது. 1.40க்கு நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் புளியமர நிழல், எங்கோ ஒரு மாட்டின் மணி, காலடிச் சத்தம். தூக்கத்தில் நடப்பது போல நடந்தேன். இதே வளைவில்தானே அவர் ஓடியிருப்பார் என்று தோன்றியதும் தூக்கம் கலைந்தது. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, அப்படியும் மூச்சு வாங்கியது.

"நான் எழுதுன நேரம் தப்பில்லம்மா" என்றேன்.

"தப்பில்லப்பா. ஏன் லேட்டுன்னு பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கலாம்."

ஜமுனாமரத்தூர் சேரும்போது மணி 4.05. அங்கேயே ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து கவிதா எழுதினாள்: "பிற்பகல் ஒரு மணிப் பேருந்து நிச்சயமில்லை. நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது." "அன்று கேட் காவலராக இருந்த என் தகப்பனார் உடன் வந்தார்" என்பதையும் ஒளிக்காமல் சேர்த்தாள்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஐப்பசியில் போனால் ஸ்வெட்டர் வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உள் கிராமத்திலிருந்து திரும்பக் காலை வண்டியை மட்டும் நம்புங்கள், மத்தியான வண்டி வந்தால் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டுக்காரர் விடுப்பில் வந்திருந்தால் இது இன்னும் முக்கியம். தாமதமானால் கேட்டில் நிற்பவரிடம் காரணத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். என்னைப் போன்றவன் தானாக எழுத மாட்டான்.

சடையனுக்கு ஆறு நாள் கிடைத்தது. திரும்பும் நாளில் காலை வண்டி பிடித்து, மத்தியானம் ஒன்றரைக்கே சிறை வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே போகவில்லை. ஆறு மணி வரை நேரம் அவருடையதுதானே. எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், மடியில் கல்யாண முறுக்குப் பொட்டலம். நாளைக் கவிதாவிடம் கேட்டு வைத்திருந்த நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். ஒரு முறுக்கை உடைத்துப் பாதி கொடுத்தார். கைக்கடிகாரத்தை நான் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.