முனியாண்டி காலடியில் ஒரு கெமரா

றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பின்னேரமானால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்; மறுநாள் பெண்கள் வேலைக்குப் போன பிறகுதான் திரும்ப வரும். லயத்து ஆட்கள் வாளி வாளியாக ஊற்றி வீணாக்குகிறார்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, குடத்தோடு பள்ளத்தில் ஊற்றுத்தண்ணீர் விழும் பீலிக்கு இறங்குவார். தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சரின் மனைவியும் அதே வரிசையில்தான் நிற்பார். அந்நேரம் பழைய பங்களாவில் தங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருப்பார்கள். வீணாக்கியது நாங்களாம்!

அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, இரத்தினபுரியில் போன் திருத்தும் கடையில் வேலை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சின்ன டிஜிட்டல் கெமரா ஒன்றை அவர் லீவில் வரும்போது கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு படம். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. முகம் தெரியாத ஆட்கள் எழுதி இணையத்தில் சும்மா கொடுக்கும் புரோகிராம் ஒன்றை மாமா அதன் மெமரி கார்டில் ஏற்றினார். இனி நிமிடத்துக்கொரு படம் தானாகவே எடுக்குமாம். கார்டின் ஓரத்திலிருந்த பூட்டை அவர் தள்ளியபோது நான் பதறிப்போனேன்.

"பூட்டுனா படம் விழாதே மாமா?"

"பூட்டுனாத்தான் இந்தப் புரோகிராம் முழிக்கும். செஞ்ச கம்பெனி முடியாதுன்னா முடியாதா? நம்மகிட்டயும் அப்படித்தானே சொல்றாங்க."

லயத்துக்குத் தண்ணீர் விடும் தொட்டியின் வால்வுக்கு எதிரே முனியாண்டி சாமியின் கல் இருக்கிறது. வால்வைப் பூட்டுவது யாரென்று பார்க்க, மாமா கெமராவைச் சிவப்புத் துணியில் சுற்றி, லென்ஸ் மட்டும் தெரியும்படி கல்லின் காலடியில் வைத்தார். சாமிக்கு முன்னால் வைத்ததை எங்கள் தோட்டத்தில் எவரும் தொடமாட்டார்கள்.

இரவு படங்களைப் பார்த்தோம். இலை, இலை, ஒரு ஓணான். அப்புறம் வாச்சர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியை, அதாவது கெமராவை, நேராகப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த படத்தில் வால்வைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். முகம் அச்சாக விழுந்திருந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

காலையில் பெண்கள் யாரும் மலைக்கு ஏறவில்லை. ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அம்மா கெமராவைத் துரையின் கண்ணெதிரே நீட்டினார். வால்வில் கை தெரிந்தது. முகத்தின் மேல் அம்மாவின் பெருவிரல்.

"யாரு இது? வெரல எடு. இப்பவே வேலைய விட்டு நிப்பாட்டுறேன்" என்றார் துரை.

"ஆளு யாருன்னு நாங்க கேக்கலீங்க. பூட்டச் சொன்னது யாரு? அதச் சொல்லுங்க, வெரல எடுக்குறேன்."

கடைசியில் துரை வால்வைத் திறக்கச் சொல்லி ஆளனுப்பினார். அம்மா விரலை எடுக்கவில்லை. லயத்திலிருந்து ஆள் வந்து தண்ணீர் வருகிறது என்று சொன்ன பிறகுதான் கூடைகள் முதுகேறின.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்த ஆளைக் காட்டிக்கொடுக்க அம்மா பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்று பின்னேரம், வாச்சரின் மனைவி தன் குடத்தைத் தள்ளிவிட்டு அம்மாவின் குடத்தை லயத்துக் குழாயடியில் வைத்தார். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். படத்திலிருந்த வாச்சரின் முகத்தைக் காட்டியிருந்தால் துரை அவரை விரட்டிவிட்டு, நியாயம் செய்துவிட்டேன் என்று கதவைச் சாத்தியிருப்பார். மறுநாள் வேறொரு வாச்சர் வந்து முனியாண்டியைக் கும்பிட்டிருப்பார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.