குழி திறந்த நாளில் பூனை

பிள்ளைகளே, பூனைக்குட்டியைக் கதவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஒருவர், வெளியே விட வேண்டும் என்று ஒருவர், சோறுகூடத் தின்னாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கும் இதே வழக்கு வந்தது, அதைச் சொல்கிறேன்.

அப்போது பாகலூர்ப் பக்கம் இருந்தோம். எனக்கு எட்டு வயது. சாம்பல் நிறப் பூனை ஒன்று என் கம்பளிக்குள்தான் தூங்கும். அது இஷ்டப்படி சுற்ற வேண்டும் என்பது என் கட்சி. சித்தப்பாவும் என் பக்கம். "வூட்டுக்குள்ள பூட்டி வெச்சா, எலி என்னா வெத்தலபாக்கு வாங்கிக்கினு தேடி வருமா?" என்பார். எதிர்வீட்டுக் கோழிக்குஞ்சுகளை நினைத்து அம்மாதான் வேண்டாம் என்பாள். அப்பா வாய் திறக்கமாட்டார்.

ராகிக் குழி திறந்த அன்றுதான் திறந்தார். எங்கள் பக்கம் வாசலில் ஆழமாகக் குழி வெட்டி, உள்சுவரில் வைக்கோல் புரி சுற்றி, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிடுவோம். வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் மூடிக் கிடந்த குழியில் காற்று விஷமாகிவிடும். திறந்ததும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது.

"இன்னிக்கி பூனையும் வெளிய வரக்கூடாது, இவனும் குழிகிட்ட வரக்கூடாது" என்றார் அப்பா.

குழிக் கல்லைப் புரட்டிவிட்டு, லாந்தர் எடுக்கச் சித்தப்பா வீட்டுக் கதவைத் திறந்தார். அவர் காலிடுக்கில் நுழைந்து பூனை பாய்ந்தது. தெருநாய் குரைத்தது. மிரண்டு ஓடிய பூனை குழிக்குள் மறைந்தது.

நானும் ஓடினேன். விளிம்பில் கால் வைத்துவிட்டேன். அப்பா என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்து, தோள் துண்டால் என்னை வாசலில் நின்ற வண்டிச் சக்கரத்தோடு கட்டினார்.

"வுடுப்பா! அது செத்துப்பூடும்!"

"கத்து. நல்லா கத்து. அங்கியே இரு."

சித்தப்பா லாந்தரை இறக்கினார். "வைக்கப்புரியப் புடிச்சிக்கினு தொங்குது" என்றார். பிறகு, "அதுக்குக் கீழ வெளக்கு நிக்கல, அண்ணா."

அப்பா ஒரு கம்பளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். உள்ளே நல்ல காற்றைக் கலக்குகிறார் என்று எனக்குத் தெரியாது. விளையாடுகிறார் என்று நினைத்து வைதேன். பூனையின் சத்தம் நின்றுபோயிற்று. அடுத்த முறை கயிறு கனத்து வந்தது. கம்பளியில் நகம் பதித்து, கண் செருகியபடி, பூனை.

என்னை அவிழ்த்துவிட்ட பிறகும் அப்பாவோடு நான் பேசவில்லை. பூனையைச் சமையலறையில் போட்டு நானே தாழிட்டேன். தேறியதும் அது கதவைப் பிறாண்டியது.

"கத்து. நல்லா கத்து. அங்கியே இரு" என்றேன்.

அது யாருடைய வார்த்தை என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. என்னைக் கட்டிப்போட்ட மனிதர் என்றுதான் அவர்மேல் கோபம்.

விளக்கு அணையாமல் நின்ற பிறகு சித்தப்பா இறங்கி, வேண்டிய ராகியை அள்ளினார். மறுபடி கல்லை மூடி மண் பூசிவிட்டு எல்லோரும் கிணற்றடிக்குப் போனார்கள். நான் மட்டும் நின்றேன். கல்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. ஓரத்தில் விரல் நுழையும் சந்து ஒன்று இருந்தது. ஈரமண்ணை அள்ளி அதை அடைத்தேன். கையை டவுசரில் துடைத்துக்கொண்டு போய், சமையலறைத் தாழை நீக்கினேன்.