ஜப்பான் வண்டிக்கு ஒரு சரிவு

என் மாமாவுக்கு ஜப்பான் வண்டிப் பைத்தியம் முற்றிய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டு, கொரட்டூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். சம்பளத்தை அப்படியே அக்கா கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் டீக்கும் அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்கிற சாது. அவருக்கு இருந்த கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். தெருவில் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஏதாவது போனால் சோற்றில் வைத்த கையோடு வாசலுக்கு ஓடிவிடுவார்.

"இப்ப போனது இங்க செஞ்சது பாப்பா. ஜப்பான்ல செஞ்ச இன்ஜின் சத்தமே வேற" என்பார் என்னிடம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் வித்தியாசம் தெரிந்த மாதிரி பீற்றிக்கொள்வேன்.

அந்த ஜப்பான் வண்டி நெமிலிச்சேரியில் ஒருவரிடம் இருந்தது. முழுக்க அங்கேயே செய்து கப்பலில் வந்தது, இந்தப் பக்கத்தில் அப்படி இன்னொன்று கிடையாது என்று பட்டறையில் யாரோ சொல்ல, மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த வண்டியை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும், இனி அவரால் உதைக்க முடியாது. அதனால் விற்கச் சம்மதித்திருந்தார். ஆனால் கேட்டு வருகிறவர்களை எல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டும் இருந்தார். மாமாவை மட்டும் மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

மாமா அம்மாவிடம் கேட்டார். "எனக்கு அதும்மேல ஆசையா கீதுக்கா."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்குக்கூடத்தான் மாடி ஊடு கட்ட ஆசையா கீது" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான். காய்ச்சல், காதுகுத்து, பள்ளிக்கூடம் என்றால் எங்கிருந்தாவது பணம் புரளும். ஆசை என்று சொன்னால் ஒரு ரூபாய் பெயராது. அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. அவளும் ஆசைப்பட்டு எதையும் வாங்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து மாமா வேறு கதையோடு வந்தார். பெங்களூரில் பணக்காரர்கள் இந்த மாதிரி வண்டிக்கு அலைகிறார்களாம். இப்போது வாங்கித் துடைத்து வைத்தால் ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்குத் தள்ளிவிடலாமாம். அந்தப் பணத்தில் பக்கத்து ஊரான பாடியில் சொந்தமாக ஒரு லேத் போட்டுவிடலாமாம். இதையெல்லாம் அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தே சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அன்று சாயங்காலமே அம்மா கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வாரம் மாமா வாசலில் சரிவு போட்டார். மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்குப் பயந்து வாசற்படியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வண்டியைக் கூடத்துக்குள் ஏற்ற வேண்டுமே என்று, செங்கல் அடுக்கி, ஜல்லி கொட்டி, மேலே சிமெண்ட் பூசினார். டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறினார். மணல் சலித்துக் கொடுத்தது நான். மூன்று நாள் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். தன் கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டு, "இங்க நிறுத்தினா சாரல் அடிக்காது இல்ல பாப்பா?" என்று என்னிடம் யோசனை கேட்டார். அந்த வயதில் என்னிடம் யோசனை கேட்ட ஒரே பெரிய மனிதர் அவர்.

நல்ல நாள் பார்த்து மூன்று பேரும் ரயிலேறினோம். அம்மாவின் பையில் இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு முழம் பூ. மாமா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

வண்டிக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். கருநீலப் பெட்ரோல் டேங்க். முழங்கால்கள் உரசி உரசி இரண்டு பக்கமும் பெயிண்ட் வெளுத்திருந்தது. மாமாவை உதைக்கச் சொன்னார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. சத்தமே வேறு என்று மாமா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கும் கேட்டது. வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் சாவியை வைத்தார். அம்மா எலுமிச்சம்பழத்தைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"இதை விக்கக்கூடாது நைனா. எப்பனா ஒரு தபா இங்க எடுத்துகினு வா. நான் சத்தம் கேக்கணும்" என்றார்.

"மாசாமாசம் வரேன் அண்ணாத்தே" என்றார் மாமா. இந்தத் தடவை அவர் காலண்டர் எதையும் பார்க்கவில்லை, நேராக வண்டிக்காரர் முகத்தைத்தான் பார்த்தார். பெரியவர்கள் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் பேச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் சந்தோஷமாக என் பக்கம் திரும்பி, ஒரு பிஸ்கட்டை நீட்டி, "இன்னா பாப்பா, உங்க மாமன் வண்டிய பத்திரமா வச்சிக்குவாரா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

மாமாவின் பெருமையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஒரு மாசம் வச்சிக்குவாரு. அப்பால பெங்களூர்காரங்களுக்கு டபுளா வித்துடுவாரு. அந்தத் துட்டுல சொந்தமா லேத்து போடப்போறாரு" என்றேன்.

இதை வெளியே சொல்லக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் எது பொய் என்பதையும் மாமா சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அதற்குள் அம்மா ஈரக்கையோடு வந்துவிட்டாள். "ஆமாண்ணே, சொந்தத் தொயில்னு ஒண்ணு இருந்தாத்தான இவனுக்கும் எவனாச்சும் பொண்ணு குடுப்பான்" என்று தன் பங்குக்கு வேறு சேர்த்தாள்.

மாமா வாயைத் திறந்தார். வண்டிக்காரரைப் பார்த்தார். அப்புறம் எலுமிச்சம்பழம் வைத்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். அதில் வளையல் இல்லை. 'விற்க மாட்டேன், அக்காவிடம் சும்மா சொன்னேன்' என்று ஒரு வாக்கியம் போதும். அக்கா எதிரில் நிற்கும்போது அந்த ஒரு வாக்கியத்தை அவரால் சொல்ல முடியவில்லை.

வண்டிக்காரர் தட்டிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "வெயிலா கீது, டீ குடிச்சிட்டு போங்க" என்று மட்டும் சொன்னார். குடித்தோம். அம்மா எலுமிச்சம்பழங்களைத் திரும்பப் பையில் போட்டாள்.

ரயிலில் அம்மா வழி நெடுக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு வந்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். என்னவோ நடந்துவிட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. "என் மேல கோவமா மாமா?" என்று கேட்டேன்.

"நீ இன்னா பண்ணுவ பாப்பா, கேட்டத சொன்ன" என்று சொல்லி வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். உண்மை பேசிக் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய கதையாக அதைப் பல வருடம் பல பேரிடம் சொன்னேன்.

போன வருடம் அதே கதையை மாமாவிடமே சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் மிச்சத்தை அவர் சொன்னார். நாங்கள் போய் வந்ததற்கு அடுத்த ஞாயிறு அவர் தனியாக நெமிலிச்சேரிக்குப் போயிருக்கிறார். விற்கிற எண்ணமே இல்லை, வளையலுக்காக அக்காவிடம் புளுகினேன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூடப்பொறந்தவகிட்டயே பொய் சொல்லிகீற. என்கிட்ட சொன்னது மட்டும் நெசம்னு நான் எப்படி நைனா நம்பறது?" என்றாராம்.

மாமா சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இப்போது நான் சம்பாதிக்கிறேன், எங்கிருந்தாலும் தேடி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "அக்காவாண்ட மட்டும் சொல்லாத" என்றார். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. மாமா அதற்குப் பிறகு எந்த வண்டியும் வாங்கவில்லை. பட்டறைக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறார்.

சரிவு மட்டும் கொரட்டூர் வீட்டு வாசலில் இன்னும் இருக்கிறது. குறுக்கே கீறிய கோடுகள்கூட அழியவில்லை. கேஸ்காரர் சிலிண்டரை உருட்டி ஏற்ற வசதி என்று அம்மா அதைப் புகழ்வாள். ஒரே மாதத்தில் விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு கெட்டியாக ஒரு சரிவு என்று, மணல் சலித்துத் தண்ணீர் ஊற்றிய எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.