கம்பி கட்டிய குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில் வங்காளத்தில், கிதர்பூரில் ஒரு கிரேன் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். என்னோடு வேலை பார்த்த வங்காளி ஒருவரை தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். அவர் ஒருநாள் ஆயில் குழாயின் நட்டை முறுக்கிவிட்டு, “குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் உடைந்திருக்கிறது, புதுசு வரும்வரை கிரேனை வெளியே விடாதே” என்றார். மேனேஜர் நம் ஊர்க்காரர். என்னைத் தனியே அழைத்து, “கம்பி போட்டுக் கட்டி அனுப்புப்பா, நான் பாத்துக்கறேன்” என்றார். கட்டினேன்.

மூன்றாம் நாள், அதிர்ந்து அதிர்ந்து அந்தக் குழாய் வெடித்தது. கொதிக்கும் ஆயில் பீய்ச்சியடித்து, பக்கத்தில் நின்ற தாதாவின் வலது கை வெந்துபோனது. விசாரணைக்கு முன்னால் மேனேஜர் சொன்னார்: “அவர் நட்டைச் சரியா முறுக்கலைன்னு எழுதிக் குடு. உனக்கும் குடும்பம் இருக்கு.”

எழுதிக் கொடுத்தேன். தாதாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

சில வருடம் கழித்து டாக்குரியா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். விரல்கள் மடங்காததால் காய்கறிப் பையை மணிக்கட்டில் மாட்டியிருந்தார்.

“நட்டை நான் சரியாகத்தான் முறுக்கினேன். அது உனக்குத் தெரியும்” என்று வங்காள மொழியில் சொன்னார்.

அவருடைய ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். அப்போது நான் அந்தப் பட்டறையின் ஃபோர்மேன்.